பதினெட்டு நடை

எங்கள் லைனுக்குத் தலைமாட்டில் ஒரு போர்டு தொங்குகிறது. இடது ஓரத்தில் ஆட்களின் பேர், மேல் வரிசையில் வேலைகளின் பேர், குறுக்கே கட்டம் கட்டமாக வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தையும் நாலாக வகுந்திருப்பார்கள். கால் வட்டம் கறுத்திருந்தால் அவள் இப்போதுதான் பழகுகிறாள். அரை வட்டம் என்றால் பக்கத்தில் ஒருத்தி நின்றால் செய்வாள். முக்கால் என்றால் தனியாகச் செய்வாள். முழுக்கக் கறுத்துவிட்டால் அடுத்தவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று பேர். ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை பல ஆலைகளின் சுவரில் இந்த வட்டங்களைப் பார்க்கலாம்.

நான் அங்கே ரேடியோ டெஸ்டிங் பார்க்கிறேன். காருக்குள் வைக்கிற சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றையும் உலோகக் கூண்டுக்குள் வைத்து மூடிப் பேசவிட வேண்டும். எவ்வளவு உரக்கப் பேசுகிறது, சொன்ன அலைவரிசையில் நிற்கிறதா என்று அளக்க வேண்டும். கூண்டுக்குள் அது கத்தோ கத்தென்று கத்தும். வெளியே ஒரு துளி கசியாது. கசிந்தால் பக்கத்து டெஸ்டரில் இருக்கிற பெட்டி பொய்யாகப் பாஸ் ஆகிவிடும். எங்கள் கைபேசிகளை வாசலிலேயே வாங்கி லாக்கரில் பூட்டிவிடுவார்கள். எட்டு மணி நேரமும் அலைகளோடுதான் பிழைப்பு. நமக்கென்று ஓர் அலை கிடையாது.

சொந்த ஊர் சிவகங்கைச் சீமை, திருக்கோஷ்டியூருக்குப் பக்கம். டிப்ளமோ முடித்து 2007-ல் ஸ்ரீபெரும்புதூர் வந்தேன். எங்கள் ஊர்க் கோபுரக் கதையில் வருகிற ராமானுஜர் பிறந்த ஊருக்கே பிழைக்க வந்திருக்கிறோம் என்பது வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஹாம் ரேடியோவுக்குள் என்னை இழுத்தது 2015 டிசம்பர் வெள்ளம். தம்பி குடும்பம் முடிச்சூரில் இருந்தது. கைபேசி செய்து உலகத்துக்கு அனுப்பிய வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு, சிக்னல் இல்லாத கைபேசியை இரண்டு நாள் வெறித்துக்கொண்டிருந்தேன். கோவில் தெருவில் ஒருவர் வீட்டு மாடியில் வயர்லெஸ் வைத்துச் சேதி சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். தம்பி பேரையும் தெருவையும் ஒரு பெரியவர் எழுதிக்கொண்டார். என்னவோ எழுத்துகளும் எண்ணுமாகச் சொன்னார். எங்கேயோ ஒருவர் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் பதில் வந்தது: மாடியில் இருக்கிறார்கள், பிள்ளைக்குப் பால் இல்லை, மற்றபடி பயமில்லை. முகம் தெரியாத மூன்று பேர் வாய் மாற்றி வாய் மாற்றிக் கொண்டுவந்த சேதி. காசு கொடுக்கப் போனேன். பெரியவர் கோபித்துக்கொண்டார்.

அவர்தான் ஐயா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம், தறிக்காரக் குடும்பம். தந்தி ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2013 ஜூலையில் நாட்டில் தந்தியே நின்றுபோனபோது அன்றைக்கு வீட்டில் உலை வைக்க விடவில்லை என்று அவர் சம்சாரம் சொல்வார். சனிக்கிழமை தவறாமல் வரதராஜர் கோவில். வி.யு.2 என்று தொடங்கும் அழைப்புக்குறி. காசு விஷயத்தில் அவர் கோபித்துக்கொண்டதற்குச் சட்டமே இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அமெச்சூர், அதாவது ஹாம், யார் என்று உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் விதிகள் வகுத்திருக்கின்றன: ரேடியோவில் நாட்டம் உள்ளவர், சொந்த ஆர்வத்துக்காக மட்டும், பணநோக்கம் இல்லாமல் செய்பவர், முறையாக அனுமதி பெற்றவர். இதில் முதல் பாதி ஆசையைப் பற்றியது. கடைசிச் சொல் வாசலைப் பற்றியது. எனக்கும் ஐயாவுக்கும் நடக்கிற சண்டையெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

அவரிடம் மோர்ஸ் கற்றேன். நான் பரீட்சை எழுதிய நாளில், ஜெனரல் கிரேடு வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் வாங்கவும் அனுப்பவும் வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் வேண்டாம். "வாங்கறதுன்னா முழுசா வாங்கு" என்று சொல்லிவிட்டார். ஷிப்ட் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு ஒரு வருஷம். டா டி டா டிட், டா டா டி டா. பக்கத்தில் உட்கார்ந்தவள், "அக்கா, பாட்டே வரலையே, வெறும் பீப்பா கேக்குறீங்க?" என்றாள். நடுவில் மூன்று மாதம் விட்டே விட்டேன். திரும்பப் போனபோது ஐயா ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "எஸ்சுக்கும் ஹெச்சுக்கும் இன்னும் குழம்புறியா?" என்று மட்டும் கேட்டார். ஆகவே நான் இனி சொல்லப்போவதை, நடக்க முடியாதவள் நடையைக் குறை சொல்கிறாள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்துதான் வந்தேன்.

சண்டை இப்படித் தொடங்கியது. என் வாடகை வீட்டு மொட்டைமாடியில் ஒரு டைபோல் ஆன்டெனா கட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லைன் பெண் ஒருத்தி வருவாள், போளூர்ப் பக்கம், இருபது வயது, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். லேப்டாப்பை ரேடியோவோடு சேர்த்து எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையை ஓட விட்டுக் காண்பித்தேன். திரையில் கீழே வழிகிற நீலத் தாரையில் மஞ்சள் கீற்றுகள். ஒவ்வொரு பதினைந்து வினாடிக்கும் கீற்றெல்லாம் எழுத்தாகிறது. இந்தோனேசியா, சைபீரியா, இத்தாலி. ஹாம்கள் கட்டம் கட்டமாக வகுத்த உலகில் நம் இடத்தின் கட்ட எண் எம்.கே.92. எண்பதாவது தீர்க்கரேகையை ஒட்டிக் கட்டம் மாறுவதால் சென்னைக்கு எண் வேறு, என்.கே.03. அவள் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கு நானும் லைசென்ஸ் வாங்கலாமாக்கா?" வாங்கலாம், ஆனால் தியரி பேப்பர் இருக்கிறது என்றேன். புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். அவளோடு வந்திருந்த இன்னொருத்தி, பேக்கிங்கில் இருக்கிற ப்ளஸ் டூ பெண், புத்தகத்தைத் தொடவே இல்லை.

அடுத்த வாரம் ஐயாவிடம் சொன்னேன். "கம்ப்யூட்டர் வழியா எழுத்து மட்டும் அனுப்பற மாதிரி சின்னதா ஒரு லைசென்ஸ் வேணும் ஐயா. அஞ்சு வாட் போதும். முதல் படி. பிடிச்சா மேல படிக்கட்டும்."

"எழுத்து அனுப்பத்தான் வாட்ஸப் இருக்கேம்மா."

இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இந்த யோசனை புதிதல்ல. கனடாவில் 1978-லேயே மோர்ஸ் இல்லாத டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கணிப்பொறிக்காரர்களை ரேடியோவுக்குள் இழுப்பது நோக்கம். அதே வருஷம்தான் மான்ட்ரியல் அமெச்சூர்கள் பாக்கெட் ரேடியோவைச் சோதித்தார்கள். அமெரிக்காவில் 1983-ல் மோர்ஸ் இல்லாத உரிமத்தை அரசு முன்மொழிந்தபோது ஹாம்களே கூடி எதிர்த்து விரட்டினார்கள், 1991-ல்தான் வந்தது. 2003-ல் மோர்ஸ் கட்டாயம் உலக விதிகளிலிருந்தே போயிற்று. ஆஸ்திரேலியாவில் வேடிக்கை: 2005-ல் முதல்படி உரிமம் கொடுத்தார்கள், வாயால் பேசலாம், கையால் மோர்ஸ் அடிக்கலாம், டிஜிட்டல் மட்டும் கூடாது. 2019 வரை அப்படித்தான். ஒரு நாட்டில் புது ஆளுக்கு வாசலே டிஜிட்டல். இன்னொரு நாட்டில் புது ஆளுக்கு டிஜிட்டல் தவிர. வேலி எங்கே போடுவது என்பதை வயல் சொல்வதில்லை, வேலி போடுகிறவன்தான் சொல்கிறான் என்று இதைப் படித்தபோது தோன்றியது. ஐயாவிடம் சொன்னேன். "வேலியே வேணாம்னு வயல் சொல்லிச்சா?" என்றார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வானம் ஒன்றுதான். ஒருவன் அலைவரிசை தாண்டிக் கத்தினால் இன்னொருவனுடைய விமானப் பேச்சோ கப்பல் பேச்சோ கெடும். மாடியில் கம்பி கட்டுகிறவளுக்கு மின்கம்பி எவ்வளவு தூரம் தள்ளியிருக்க வேண்டும் என்று தெரியாவிட்டால் செத்துப்போவாள். தியரி பேப்பர் வெறும் சடங்கு இல்லை. ஆனால் ஐயாவின் கோபம் அங்கிருந்து வரவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பது ஒருநாள் அவர் வாயிலிருந்தே வந்தது.

"ராமானுஜர் பதினெட்டு தடவை நடந்தார்ம்மா. உங்க ஊருக்குத்தானே?"

எங்கள் ஊருக்குத்தான். ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்கு நூறு கிலோமீட்டர் இருக்கும். எட்டெழுத்து மந்திரத்தின் பொருளைக் கேட்டு வந்தவரைத் திருக்கோஷ்டியூர் நம்பி திருப்பித் திருப்பி அனுப்பினார். பதினெட்டாவது நடையில் சொல்லிக்கொடுத்தார். வேறு யாருக்கும் சொன்னால் நரகம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ராமானுஜர் கோவிலில் ஏறி நின்று ஊரைக் கூட்டி எல்லோருக்கும் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் கரையேறினால் நான் ஒருவன் நரகம் போகிறேன் என்றார். நம்பி கட்டிக்கொண்டு எம்பெருமானார் என்றார். குருபரம்பரை நூல்களில் இந்தக் கதை ஒரே மாதிரி இல்லை. யாருக்குச் சொன்னார், எங்கே நின்று சொன்னார் என்பதில் வேறுபாடு உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த விமானத்தைக் காட்டி, அதோ அங்கே நின்றுதான் என்று சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் காட்டினார்கள். காட்டிய அப்பத்தா, சின்ன வயதில் கோவிலுக்குள் போனதே இல்லை. 1947-ல் கோவில் நுழைவுச் சட்டம் வந்த பிறகும் பல வருஷம் வாசலில் நின்று கும்பிட்டுத் திரும்பியவள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒருவர் கூவிய கோவிலின் உள்ளே நுழைய, கூவி ஒன்பது நூற்றாண்டு கழித்துச் சட்டம் வேண்டியிருந்தது.

ஐயா கதையின் முன்பாதியைப் பிடித்துக்கொள்கிறார், நான் பின்பாதியை. பதினெட்டு நடை நடந்ததால்தான் அந்த எட்டெழுத்துக்குக் கனம் வந்தது என்பது அவர் கட்சி. மோர்ஸ் கற்ற அந்த ஒரு வருஷம்தான் உன்னை ஹாம் ஆக்கியது, எட்டுச் சொல் வேகம் இல்லை என்கிறார். உண்மைதான். அந்த ஒரு வருஷத்தில் என் காது மாறியது. இரைச்சலுக்குள் ஒரு தாளத்தைத் தேடும் பழக்கம் டெஸ்ட் பெஞ்சிலும் வந்துவிட்டது. ஆனால் நடந்தவர் நடையின் பயனைப் பெற்றுக்கொண்டு, அடுத்தவர் நடக்க வேண்டாம் என்றல்லவா மேலே ஏறினார்? தனக்கு வைத்த பரீட்சையை இன்னொருவருக்கு வைக்கவில்லை. வந்தவர்களிடம் அவர் பார்த்த ஒரே தகுதி ஆசை என்றுதான் பின்னால் வந்த ஆசாரியர்கள் அவரைக் கொண்டாடினார்கள்.

ஆனால் ராமானுஜரை முழுக்க என் கட்சிக்கு இழுத்துக்கொள்ள முடியாது. பிரம்மசூத்திரத்தின் முதல் சொல் 'அத'. அதன்பின் என்று பொருள். எதன்பின்? அந்த ஒரு சொல்லுக்கு ஆசாரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். விவேகம், வைராக்கியம் முதலான நான்கும் கைவந்த பின் என்பது சங்கரர். வேதத்தின் கர்மப் பகுதியைக் கற்று, கர்மம் தரும் பலன் நிலையாது என்று கண்ட பின் என்பது ராமானுஜர். இரண்டும் நுழைவுத் தகுதிதான், பாடத்திட்டம்தான் வேறு. இதை அவர் எழுதிய அதே உரையான ஸ்ரீபாஷ்யத்தில் வேறோர் இடத்தில், சூத்திரருக்கு வேதம் கற்று அந்த வழியில் போக உரிமை இல்லை என்ற பழைய முடிவையே அவரும் எழுதி வைத்திருக்கிறார். இதை முதலில் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபுரத்தில் நின்றவரும் ஏட்டில் எழுதியவரும் ஒருவர்தானா?

ஒருவர்தான். அவர் பெரிய வாசலின் பூட்டை உடைக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு வாசலைத் திறந்து வைத்தார். சரணாகதி. வேதம் வேண்டாம், குலம் வேண்டாம், ஆண் பெண் பார்க்க வேண்டாம். வேறு வழியில்லை, நீயே கதி என்று விழுந்தால் போதும். ரேடியோக்காரி பாஷையில் சொன்னால் அது முதல்படி உரிமம். அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். முதல்படி என்று தொடங்கியதை, முதல்படியும் அதுதான் முடிந்த படியும் அதுதான் என்று அந்தச் சம்பிரதாயம் சொல்லத் தொடங்கிவிட்டது. பெரிய வாசலில் போகத் தகுதி உள்ளவர்களும் சின்ன வாசலுக்கு வந்தார்கள். இதை ஐயாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அதான் இப்ப வி.யு.2-காரனெல்லாம் மோர்ஸ விட்டுட்டு லேப்டாப்ப வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றார்.

அவருக்கு எஃப்.டி.8 மேல் தனி வெறுப்பு. 2017-ல் வந்தது. எழுதியவர்களில் ஒருவர் ஜோ டெய்லர், 1993-ல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். இரட்டைப் பல்சாரைக் கண்டவர்களில் ஒருவர். வானத்தின் மெல்லிய துடிப்பைத் தேடியே பழகிய மனிதர் ஹாம்களுக்கும் அதையே செய்து கொடுத்தார். ஐம்பது ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்கிவிடும். மனிதக் காதுக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றுவதிலிருந்து எழுத்தை உரித்தெடுக்கும். நீங்களாக எழுதினால் ஒரு தடவைக்குப் பதின்மூன்று எழுத்துதான். பெரும்பாலும் அழைப்புக்குறி, கட்டம், சத்தம் எவ்வளவு, சரி, வணக்கம், அவ்வளவே. ஒரு தடவை சொடுக்கிவிட்டால் மீதியை மென்பொருளே வரிசையாக அனுப்பிவிடும்.

"யாரும்மா பேசறா இதுல?" என்று கேட்டார் ஐயா. "நீயா, டப்பாவா? நான் அடிச்சா என் கை தெரியும். கொல்கத்தாவுல இருந்த ஒருத்தன் மோர்ஸ் சாவி புடிக்கறத வெச்சே அவனுக்கு அன்னிக்கி ஜொரம்னு சொல்லியிருக்கேன்."

ஐயாவின் ஊர்க்காரர்தான் வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர். தூப்புல் காஞ்சியில்தான் இருக்கிறது. தேசிகர் வழியினர் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள்: தாய் தாவும், குட்டிதான் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை லோகாசாரியர் வழியினர் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள்: குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகும். வடகலை, தென்கலை என்ற இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் இருக்கிற இந்த ஒரு கேள்வி, யார் பாசுரம் சொல்வது என்பது வரைக்கும் வளர்ந்து கோர்ட்டுப் படி ஏறியது. மோர்ஸ் குரங்குக்குட்டி. பிடி தளர்ந்தால் விழுந்தாய். எஃப்.டி.8 பூனைக்குட்டி. மென்பொருள் கவ்விக்கொண்டு போய்ச் சைபீரியாவில் இறக்கிவிடும். ஐயா கேட்பது, பூனைக்குட்டிக்குப் பயணம் போனேன் என்று சொல்லிக்கொள்ள என்ன உரிமை என்று.

எங்கள் கேன்டீன் மூலையில் ஒரு சாமி படம், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா. பிளக்கில் சொருகியபடியே மூன்று ஷிப்டும் திருநாமம் சொல்லிக்கொண்டிருக்கும். நடந்து போகிறவர்களுக்குக் கேட்கிறது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். ஆனால் டப்பாவுக்குப் புண்ணியம் சேரும் என்று யாரும் நினைப்பதில்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். அதற்கு முயற்சி இல்லாததாலா? பூனைக்குட்டிக்கும் முயற்சி இல்லை. அதற்குக் கதி உண்டு என்று ஒரு சம்பிரதாயமே அடித்துச் சொல்கிறது. டப்பா தப்பாகச் சொன்னால் அது யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு நரகம் கிடையாது. ராமானுஜர் நரகம் எனக்கு என்று சொல்லிவிட்டுத்தான் வாய் திறந்தார். எஃப்.டி.8-இல் எல்லாவற்றையும் மென்பொருள் செய்கிறது, சரி. ஆனால் போகிற ஒவ்வொரு வணக்கத்திலும் என் அழைப்புக்குறி இருக்கிறது. கெட்டது நடந்தால் தேடிக்கொண்டு டப்பாவிடம் வர மாட்டார்கள், எம்.கே.92-வில் இருக்கிற என் வீட்டு மாடிக்கு வருவார்கள். அதனால் பேசுவது நான்தான். முதல்படிப் பரீட்சையில் இதை மட்டும் கேட்டால் போதும் என்பது என் கட்சி: வெளியே போகிறது உன்னுடையது என்று தெரியுமா, தப்பானால் நிறுத்தத் தெரியுமா, பேசுவதற்கு முன் கேட்டாயா.

இந்த நாட்டில் அரசாங்கத்துக்கு அலை என்றால் இருக்கிற பயத்தின் வேர் 1885 தந்திச் சட்டம் வரை போகிறது. பயம் காரணமில்லாததும் அல்ல. ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையை ஒட்டி ராஜீவ் காந்தி நினைவிடம் இருக்கிறது. அவர் ஒரு ஹாம், வி.யு.2 ஆர்.ஜி. 1991 மே 21 இரவு அவரைக் கொன்றவர்களிடமும் வயர்லெஸ் இருந்தது. ரகசியக் குறியீட்டில் யாழ்ப்பாணத்துக்குச் சேதி போயிற்று. இடைமறித்த சேதிகள் விசாரணைக்கு உதவின. ஒரே காற்று. 1942-ல் பம்பாயில் உஷா மேத்தாவும் கூட்டாளிகளும் ஓட்டிய காங்கிரஸ் ரேடியோவும் உரிமம் இல்லாததுதான் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். அமெச்சூர் அலையில் ஒரு விதி உண்டு: பொருளை மறைப்பதற்காகக் குறியாக்கம் செய்யக் கூடாது. மோர்ஸ் குறியீடுதான், எஃப்.டி.8-உம் குறியீடுதான், ஆனால் இரண்டையும் அவிழ்க்கும் வழி எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. நம் மொழியில் வேதத்துக்கு மறை என்று ஒரு பேர். சுருதி, கேட்கப்படுவது, என்று இன்னொரு பேர். மறைத்துவைத்ததும் காதில் விழுவதும் ஒரே பொருளுக்குப் பேராக இருக்கிறது. ஐயாவும் நானும் அந்த இரண்டு பேரில் ஆளுக்கொன்றைப் பிடித்து இழுக்கிறோம். வாட்ஸப் பூட்டிய பெட்டி. அனுப்பினவரும் வாங்கினவரும் தவிர யாருக்கும் திறக்காது. இங்கே சொன்னால் ஊரே கேட்கும். ஐயா கேட்டதற்கு ஒரு வாரம் கழித்து நான் சொன்ன பதில் இதுதான். "கோபுரத்துல ஏறிச் சொல்றதுங்கறே" என்றார். ஆமாம் என்றேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என்னை மடக்கிவிட்டார். "நரகம் எனக்குன்னு சொல்ல பன்னெண்டு வயசுப் புள்ளைக்குத் தெரியுமா?" பன்னிரண்டு வயது நிரம்பினால் பரீட்சை எழுதலாம் என்பது நம் விதி. தெரியாதுதான். அப்போது அந்தப் பிள்ளைக்காகப் பதில் சொல்ல யாராவது பக்கத்தில் நிற்க வேண்டும். அரை வட்டம். பூனைக்குட்டி என்று சொல்லிவிட்டால் ஆயிற்றா, பூனை வேண்டாமா? கவ்வித் தூக்க ஆள் இல்லாத ஊரில் சின்ன உரிமம் கொடுத்தால் குட்டி நடுத்தெருவில்தான் கிடக்கும். இதைச் சொல்லிவிட்டு எங்களுடைய ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டை அவருக்கு விளக்கினேன். மோர்ஸில் உங்களுக்கு எவ்வளவு வட்டம் ஐயா என்று கேட்டேன். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? அவர் விரலை மடக்கவில்லை. என்னையும் சேர்த்து மூன்று பேர் என்று எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் நாங்கள் டீ ஆற ஆறப் பேசிக்கொண்டிருந்தபோது போளூர்ப் பெண் தானாகவே ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வாசல் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. தியரி புத்தகத்தில் ஆசிலேட்டர் வரை வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, "பரீட்சை வேலை நாள்ல வருதுக்கா. லீவு கேட்டா அட்டென்டன்ஸ் போனஸ் போயிடும். அதுகூடப் பரவால்ல. சென்னைக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்குள்ள ஹாஸ்டல் கேட் பூட்டிடுவாங்க. வார்டன் லெட்டர் கேக்குறாங்க" என்றாள். யாருடைய லெட்டர்? அப்பாவுடையது, அல்லது கம்பெனியுடையது. அப்பாவுக்கு ரேடியோ பரீட்சை என்றால் என்ன என்று புரியவைக்க முடியவில்லை. எதுக்குமா பொம்பளப் புள்ளைக்கு வயர்லெஸ் என்கிறார். மோர்ஸா டிஜிட்டலா, குரங்கா பூனையா என்று நாங்கள் இரண்டு பேரும் ஆறு மாதம் அடித்துக்கொண்ட வாசல் எதிலும் அவள் மாட்டவில்லை. அவள் மாட்டிய கேட்டுக்குச் சாவி ஒரு வார்டனிடம் இருந்தது. சங்கரர், ராமானுஜர் இருவர் சொன்ன 'அத'விலும் அது இல்லை.

ஐயாவிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. ஹாஸ்டல் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

போன வாரம் அவள்தான் வந்து சொன்னாள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஒரு தாத்தா காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து வார்டன் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்தாராம். கையில் அவருடைய பழைய உரிமம், கவர் போட்டு. இந்தப் பெண்ணுக்கு என்ன ஆனாலும் நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு தாள். வார்டன், நீங்க யாரு, சொந்தமா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்திருக்கிறார். அன்றைக்கு வார்டன் லீவு. நேற்று நானே ஐயாவுக்குப் போன் போட்டேன்.

"மூணு தடவை போயிட்டு வந்துட்டேம்மா" என்றார். "வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கு அந்தம்மா. காலைல வரட்டுமா, சாயங்காலம் வரட்டுமான்னு கேட்டேன், பஸ்ஸு எப்ப காலியா இருக்கும் அந்தப் பக்கம்?"

ஷிப்ட் முடிகிற நேரம் வேண்டாம், பதினொரு மணிக்கு வாருங்கள் என்றேன்.